எழுத்துகளை எண்ணிய மெய்யியலாளர்

அரபு மொழிக்கு 28 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வேறொரு குறியை வைத்து ஒரு கடிதத்தை எழுதிவிட்டால், இடையில் கைப்பற்றிப் பார்ப்பவருக்கு அது வெறும் கிறுக்கல். எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்ற பட்டியல் எழுதியவரிடமும் பெறுபவரிடமும் மட்டுமே இருக்கும். 28 எழுத்துகளையும் தமக்குள்ளேயே இடம் மாற்றி அப்படிப்பட்ட பட்டியல்களை எத்தனை விதமாக அமைக்கலாம்? 28-ஐ 27-ஆல் பெருக்கி, வந்ததை 26-ஆல் பெருக்கி, இப்படியே 1 வரை இறங்கினால் கிடைக்கும் எண்ணில் 30 இலக்கங்கள் இருக்கும். நொடிக்கு 100 கோடிப் பட்டியல்களைச் சோதித்துக் கழிக்கும் கணினி ஒன்றிடம் வேலையைக் கொடுத்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 10 லட்சம் கோடி ஆண்டுகள் பிடிக்கும். பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இந்தக் கணக்கு சரியானது. ஆனால் மறைத்து எழுதிய அந்தக் கடிதத்தை, ஒரு பட்டியலைக்கூடச் சோதிக்காமல், காகிதமும் பொறுமையும் மட்டும் கொண்டு படித்துவிடலாம் என்று 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஒருவர் எழுதிவைத்தார். யாகூப் இப்னு இஸ்ஹாக் அல் கிந்தி என்பது அவர் பெயர். அவர் ஒற்றரோ படைத்தளபதியோ இல்லை. அரிஸ்டாட்டிலை அரபு உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முன்னவர். பிற்கால ஆசிரியர்கள் ‘அரேபியர்களின் மெய்யியலாளர்’ என்றே அவரைக் குறிப்பிட்டார்கள். மறை எழுத்தைப் படிப்பது பற்றி அவர் எழுதிய சிறு நூலின் பிரதி இஸ்தான்புல் சுலைமானியா நூலகத்தில், அவருடைய வேறு பல நூல்களோடு சேர்ந்து ஒரே கட்டில் கிடந்தது. டமாஸ்கஸ் அறிஞர்கள் மூவர் அதைப் பதிப்பித்து வெளியிட்டது 1987-இல்தான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகுதான், உலகின் மிகப் பழைய சங்கேத முறியடிப்பு நூல் எது என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு பதில் வந்தது.

ஒரு மெய்யியலாளருக்கு இந்த வேலையில் என்ன அக்கறை? அல் கிந்தியின் வாழ்நாள் வேலையோடு சேர்த்துப் பார்த்தால், இது அவருடைய மற்ற எல்லா நூல்களிலும் ஓடும் ஒரே எண்ணத்தின் இன்னொரு கிளை என்பது புரியும். குணம் என்று நாம் நினைப்பதற்குள் அளவு ஒளிந்திருக்கிறது, அதை எண்ணித்தான் காண முடியும் என்பது அந்த எண்ணம். சில இடங்களில் அது அவரை மிகத் தொலைவுக்குக் கொண்டுபோனது. சில இடங்களில் தவறான முடிவில் நிறுத்தியது. இரண்டையுமே பார்க்க வேண்டும்.

அல் கிந்தி ஏறத்தாழ கி.பி. 800-இல் பிறந்தவர். கிந்தா என்ற பழம்பெரும் அரபுக் குலத்தைச் சேர்ந்தவர். தந்தை இஸ்ஹாக், கூஃபா நகரின் ஆளுநர். இளமையில் பாக்தாதுக்கு வந்த அல் கிந்தி, கலீஃபாக்கள் அல் மஃமூன், அல் முஃதசிம் ஆகியோரின் ஆதரவில் வளர்ந்தார். அல் முஃதசிமின் மகன் அஹ்மதுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அது கிரேக்க, சிரியாக், பாரசீக, இந்திய நூல்கள் அரபுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம். அல் கிந்தி தாமே மொழிபெயர்த்ததைவிட மொழிபெயர்க்கச் செய்ததே அதிகம். அரிஸ்டாட்டிலின் ‘மெட்டஃபிசிக்ஸ்’ நூலை உஸ்தாஸ் என்பவர் அவருக்காக அரபில் தந்தார். புளோட்டினஸின் எழுத்துகளிலிருந்து இப்னு நாயிமா ஆக்கித் தந்ததை அல் கிந்தி திருத்தினார். அது பிற்காலத்தில் அரிஸ்டாட்டில் எழுதியதாகவே நம்பப்பட்டுப் பல நூற்றாண்டுகள் வாசிக்கப்பட்டது.

கலீஃபா அல் முஃதசிமுக்குக் காணிக்கையாக்கிய ‘முதல் மெய்யியல்’ என்ற நூலின் தொடக்கத்தில் அல் கிந்தி ஒரு நிலைப்பாட்டை எடுத்தார். உண்மை எவரிடமிருந்து வந்தாலும், தொலைதூரத்து மக்களிடமிருந்தும் வேற்று நாட்டாரிடமிருந்தும் வந்தாலும், அதை ஏற்பதில் கூச்சம் கூடாது என்றார். எந்த ஒரு மனிதரும் தம் ஆயுளுக்குள் முழு உண்மையை எட்டிவிட முடியாது. முன்னோர் சிறிது சிறிதாகச் சேர்த்ததுதான் நமக்கு வாய்த்திருக்கிறது. எனவே சிறிதளவு தந்தவருக்கும் நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். வேற்று மதத்தாரின் நூல்களை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அவரைச் சுற்றி நிறையவே இருந்தார்கள். அரசவையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

இந்தியாவுக்கும் அவருடைய மேசையில் இடம் இருந்தது. இந்திய எண்முறையைப் பற்றி அவர் நான்கு பகுதிகளில் எழுதியதாகப் பழைய நூற்பட்டியல் சொல்கிறது. அந்த நூல் இன்று இல்லை. அமைச்சர் யஹ்யா அல் பர்மக்கி, மூலிகைகளைத் திரட்டவும் மதங்களைப் பற்றி எழுதிவரவும் இந்தியாவுக்கு ஆள் அனுப்பினார் என்று சொல்லப்படும் கதையோடு, இந்திய மதங்கள் குறித்த விவரக்குறிப்பு ஒன்று வழங்கிவந்தது. அல் கிந்தி தம் கைப்பட எழுதிய அதன் படியைத் தாமே பார்த்ததாக, 10ஆம் நூற்றாண்டு பாக்தாதில் அந்த நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு அல் நதீம் பதிந்திருக்கிறார். அதில் இருந்த ஆண்டு ஹிஜ்ரி 249, அதாவது 863. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், தாம் பார்த்திராத நாட்டின் மதங்களைப் பற்றிய குறிப்பை எழுத்தெழுத்தாகப் படியெடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். முன்னுரையில் எழுதியதை அவர் வாழ்ந்தும் காட்டினார் என்று இதை வைத்தே சொல்லலாம்.

இனி, மறை எழுத்து.

அல் கிந்தி காட்டிய வழி இது. கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று தெரிந்தால், அதே மொழியில் மறைக்காமல் எழுதிய நீண்ட உரை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். மிகுதியாக வருவது முதலாவது, அடுத்தது இரண்டாவது என்று வரிசைப்படுத்த வேண்டும். பிறகு மறைத்து எழுதிய கடிதத்தின் குறிகளையும் அதேபோல எண்ணி வரிசைப்படுத்த வேண்டும். அதிகம் வரும் குறி, அதிகம் வரும் எழுத்தாக இருக்க வாய்ப்பு மிகுதி. அவர் தாமே எண்ணிப் பார்த்திருக்கிறார். 3,667 எழுத்துகள் கொண்ட அரபு உரையில் அலிஃப் 600 முறை, லாம் 437 முறை, மீம் 320 முறை என்று அவருடைய பட்டியல் இறங்குகிறது. ஒரு மொழியின் எழுத்துகளை இப்படி எண்ணிப் பதிந்த கணக்கில் இதைவிடப் பழையது நமக்குக் கிடைக்கவில்லை.

இது ஏன் பலிக்கிறது என்பதைத் தமிழிலேயே பார்க்கலாம். இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

கடிதத்தை மறைத்து எழுதியவன் தன் மொழியை மறைக்க மறந்துவிட்டான்.

மொத்தம் 32 எழுத்துகள். உயிர்மெய்களை அவற்றின் மெய்யோடு சேர்த்துக் கணக்கிட்டால், தகர வரிசை மட்டும் 8 முறை வருகிறது. மகரம் 4. ககரம், டகரம், றகரம், னகரம் மூன்று மூன்று. யகரம், வகரம், ழகரம் இரண்டிரண்டு. நகரம் ஒன்று. தனியே நிற்கும் உயிர் ‘எ’ ஒன்று. வாக்கியத்தை எழுதும்போது யாரும் தகரத்தை நான்கில் ஒரு பங்கு வைக்க வேண்டும் என்று திட்டமிடுவதில்லை. இரண்டாம் வேற்றுமை, வினையெச்சம் ஆகியவற்றின் தேவை அந்த எண்ணிக்கையைத் தானாகவே உண்டாக்கிவிடுகிறது. தகரத்துக்குப் பதில் நட்சத்திரமும் மகரத்துக்குப் பதில் வட்டமும் போட்டு எழுதினாலும் நட்சத்திரம் 8 முறையும் வட்டம் 4 முறையும் வந்தே தீரும். குறியின் வடிவம் மாறும், எண்ணிக்கை மாறாது.

அல் கிந்தி இதோடு நிற்கவில்லை. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வராது என்ற கணக்கையும் தொகுத்தார். அரபுச் சொல்வேர்களில் வாயின் ஒரே இடத்தில் பிறக்கும் ஒலிகள் அடுத்தடுத்து வருவது அரிது. சேராத இணைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டால், தவறான ஊகங்களை உடனே தள்ளிவிடலாம். தொல்காப்பியத்தில் மொழிமரபையும் மெய்ம்மயக்கத்தையும் படித்தவர்களுக்கு இதன் வலிமை சட்டென்று விளங்கும். தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. க், ச், த், ப் ஆகிய நான்குக்கும் பின்னால் அதே இன எழுத்துதான் வரும். ர், ழ் இரண்டும் இரட்டிப்பதில்லை. மேலே உள்ள வாக்கியத்தில் புள்ளி எழுத்துகள் எட்டு. ஒன்றுகூடச் சொல்லின் முதலில் இல்லை. இரண்டு ‘த்’துக்கும் பின்னால் தகரமே நிற்கிறது, ‘க்’குக்குப் பின்னால் ககரம். இலக்கணம் கற்பிக்கும் பாடத்தை அப்படியே சங்கேதத்தை உடைக்கும் கருவியாக மாற்றலாம் என்பதை அல் கிந்தி கண்டுகொண்டார்.

மூன்றாவது வழி, கடிதம் எப்படித் தொடங்கும் என்ற ஊகம். அரபுக் கடிதங்கள் இறைவன் பெயரைச் சொல்லித்தான் தொடங்கும். முதல் சில குறிகள் அந்தத் தொடர்தான் என்று வைத்துக்கொண்டால் அரைவாசி வேலை முடிந்தது. இதற்கு முன்னோடிக் கதை ஒன்று உண்டு. அல் கிந்திக்கு முந்தைய தலைமுறையில் வாழ்ந்த பஸ்ரா இலக்கண ஆசிரியர் அல் கலீல் இப்னு அஹ்மதிடம், பைசாந்தியப் பேரரசரிடமிருந்து வந்த கிரேக்க மறைகடிதம் ஒன்று போனதாம். அது இறைவன் பெயரால் தொடங்கியிருக்கும் என்று ஊகித்து ஒரு மாதத்தில் அவர் படித்துவிட்டாராம். இதே அல் கலீல்தான் அரபின் முதல் பேரகராதியைத் திட்டமிட்டவர். எழுத்துகளை எல்லா வகையிலும் மாற்றி மாற்றி அடுக்கி, எந்த அடுக்குகள் உண்மையில் சொற்களாக வழங்குகின்றன என்று பார்த்தவர். அல் கிந்தியின் எண்ணம் வெறும் வெளியில் பிறக்கவில்லை என்பது இதில் தெரிகிறது.

இந்த மூன்றும் சேர்ந்து பாக்தாதில் பிறந்ததற்குக் காரணங்கள் உண்டு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்நகருக்குக் காகிதம் வந்துவிட்டது. வரி, படை, அஞ்சல் என்று அப்பாசிய அரசு நடத்திய அலுவலகங்கள் எழுத்தர்களால் நிறைந்திருந்தன. அரசுக் கடிதத்தை மறைக்கவும் பிறர் மறைத்ததைப் படிக்கவும் அவர்களுக்குத் தேவை இருந்தது. குர்ஆனைப் பிழையின்றிப் பாதுகாக்க விரும்பியவர்கள் அதன் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணிக் கணக்கு வைத்தார்கள். இலக்கண ஆசிரியர்கள் ஒலிகளை அவை பிறக்கும் இடம் பார்த்து வகுத்தார்கள். இந்திய எண்கள் கணக்கை எளிதாக்கின. தனித்தனியாக இருந்த இந்தத் துறைகள் அனைத்தையும் படித்த ஒருவர் தேவைப்பட்டார். அவர்தான் அல் கிந்தி.

அவருடைய நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம், வழிமுறையை விளக்கும் இடம்கூட இல்லை. அது பலிக்காத இடத்தைச் சொல்லும் பகுதி. கடிதம் மிகச் சிறியதாக இருந்தால் எண்ணிக்கையை நம்ப முடியாது; எழுத்துகள் தம் இயல்பான விகிதத்தைக் காட்டுவதற்குப் போதிய நீளம் வேண்டும் என்று அவர் எச்சரிக்கிறார். நம்முடைய 32 எழுத்து வாக்கியத்தையே பாருங்கள். அதில் லகரமும் பகரமும் அறவே இல்லை. அதை மட்டும் எண்ணிவிட்டுத் தமிழில் பகரமே கிடையாது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? போதிய அளவு மாதிரி இல்லாமல் முடிவு கட்டக் கூடாது என்பது இன்றைய புள்ளியியலின் பாலபாடம். நிகழ்தகவுக் கணிதம் ஐரோப்பாவில் உருவாவதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் அதை உணர்ந்து எழுதிவைத்திருக்கிறார்.

எண்ணும் அதே கையோடு அல் கிந்தி மருந்துக்கும் போனார். கிரேக்க மருத்துவர் காலனின் மரபில் ஒவ்வொரு மருந்துக்கும் வெப்பம், குளிர்ச்சி, வறட்சி, ஈரம் என்ற குணங்கள் உண்டு. ஒவ்வொரு குணத்துக்கும் நான்கு படிகள் உண்டு. யுனானி மருத்துவம் இன்றும் மருந்தின் குணத்தை இந்தப் படிகளால்தான் சொல்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யுனானி மருத்துவக் கல்லூரிக்கும் இந்த மரபு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் எவ்வளவு வேறுபாடு? பல சரக்குகளைக் கலந்தால் கலவை எந்தப் படியில் நிற்கும்? காலன் இதற்குக் கணக்குத் தரவில்லை. அல் கிந்தி தந்தார். சமநிலை மருந்தில் வெப்பப் பங்கும் குளிர்ப் பங்கும் சமம். முதல் படியில் வெப்பம் இரண்டு பங்கு, குளிர் ஒரு பங்கு. இரண்டாம் படியில் நான்குக்கு ஒன்று. மூன்றாம் படியில் எட்டுக்கு ஒன்று. நான்காம் படியில் பதினாறுக்கு ஒன்று. படி ஒவ்வொன்றாகக் கூடும்போது விகிதம் இரட்டித்துக்கொண்டே போகிறது.

மருந்தியலாக இது தவறு. மருந்துக்குள் வெப்பப் பங்கு, குளிர்ப் பங்கு என்று எதுவும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் இப்னு ருஷ்த் இந்தக் கணக்கைக் கடுமையாகவே மறுத்தார். ஆனால் அந்த வடிவத்தைக் கவனியுங்கள். நாம் உணர்வது சமமான படிகளாகக் கூட வேண்டுமானால், அதை உண்டாக்கும் காரணம் மடங்கு மடங்காகப் பெருக வேண்டும் என்கிறது அது. ஒலியின் உரப்பை அளக்கும் டெசிபெல் அளவுகோல் இதே வடிவத்தில்தான் அமைந்திருக்கிறது. புலனுணர்வுக்கும் தூண்டலுக்கும் இடையே இத்தகைய உறவு இருப்பதாக ஃபெக்னர் ஜெர்மனியில் நூல் எழுதியது 1860-இல். அல் கிந்தியைப் படித்து ஃபெக்னர் இதை எழுதினார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. உணர்வைக் கணிதத்துக்குள் கொண்டுவர முயன்ற இருவர் ஒரே வகைத் தொடரை எட்டினார்கள் என்பதே வியப்பு.

ஒளியிலும் இதே கதை. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை ஏற்படுகிறது என்று அல் கிந்தி நம்பினார். அதற்கு அவர் காட்டிய சான்று அழகானது. மெல்லிய வட்டத் தகடு ஒன்றை விளிம்பு மட்டும் தெரியும்படி கண்ணுக்கு நேராகப் பிடித்தால் அது கோடாகத் தெரிகிறது. பொருளின் உருவமே பெயர்ந்து கண்ணுக்குள் வருமானால் வட்டமாக அல்லவா தெரிய வேண்டும்? உருவம் முழுதாக வந்து விழுகிறது என்ற பழைய கொள்கையை இந்தத் தகடு வீழ்த்தியது. ஆனால் கண்ணிலிருந்து கதிர் போகிறது என்பதை அது நிறுவிவிடவில்லை. அதே நூலில் அவர் இன்னொன்றும் சொன்னார். ஒளிரும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி பரவுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இப்னு அல் ஹைதம் இந்தப் புள்ளிக் கணக்கை எடுத்துக்கொண்டு, கதிரின் திசையைத் திருப்பிப்போட்டு, ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருவதைக் கொண்டே பார்வையை விளக்கினார். அல் கிந்தியின் முடிவு போனது, கருவி தங்கியது.

உலகம் என்றென்றும் இருந்து வருகிறது என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையையும் அவர் கணக்கைக் கொண்டே எதிர்த்தார். முடிவில்லாத ஒன்றிலிருந்து சிறு பகுதியை வெட்டி எடுத்தால் மிச்சமும் முடிவில்லாததா? ஆம் என்றால், வெட்டியதைத் திரும்பச் சேர்க்கும்போது முடிவில்லாதது இன்னும் பெரிதாகிறது. முடிவில்லாததைவிடப் பெரிய முடிவில்லாதது இருக்க முடியாது. ஆகவே எல்லையற்ற பொருளும் எல்லையற்ற காலமும் இல்லை என்றார். 6ஆம் நூற்றாண்டு அலெக்சாண்ட்ரியாவின் ஃபிலோபோனஸ் தொடங்கிய வாதத்தை அவர் இப்படிக் கூர்மையாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் கேன்டர், முடிவில்லாத கணம் தன் பகுதி ஒன்றுக்குச் சமமாக இருப்பதில் முரணே இல்லை என்று காட்டிய பின் இந்த வாதம் நிற்காது. சோதிடத்தை அல் கிந்தி நம்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோள்களின் பாதிப்பையும் கதிர்களாகவே அவர் கருதினார். அதேவேளை, பொன் செய்யத் தெரியும் என்று சொல்லித் திரிந்த ரசவாதிகளை மறுத்து நூல் எழுதினார்.

இப்படிப்பட்டவருக்கு எதிரிகள் இல்லாமலா? அல் முதவக்கில் 847-இல் கலீஃபாவானதும் காற்று திசை மாறியது. பிறகு நடந்ததை 13ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உசைபியா விரிவாகச் சொல்கிறார். மூசாவின் மக்கள் என்று புகழ்பெற்ற பொறியியல் சகோதரர்களில் முஹம்மதும் அஹ்மதும் அல் கிந்தியைப் பற்றிக் கலீஃபாவிடம் கோள் சொன்னார்கள். அல் கிந்திக்கு அடி விழுந்தது. அவருடைய நூலகம் முழுவதும் பறிமுதல் செய்யப்பட்டது. அது தனியாக வைக்கப்பட்டு ‘கிந்திய்யா’ என்றே பெயர் பெற்றது. எழுதுவதும் எழுதுவிப்பதுமே வாழ்க்கையாக இருந்தவரிடமிருந்து புத்தகங்களைப் பிடுங்குவதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்?

அதே சகோதரர்களிடம் கலீஃபா, சாமர்ராவுக்கு அருகில் தாம் கட்டிய புது நகருக்கு ஒரு கால்வாய் வெட்டும் வேலையை ஒப்படைத்தார். அவர்கள் அதை அல் ஃபர்கானி என்ற வானியலாளரிடம் விட்டார்கள். நைல் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் மானியைக் கட்டிய திறமைசாலி அவர். ஆனால் இந்தக் கால்வாயில் மட்டம் பிசகியது. தலைமதகுப் பகுதி மற்ற பகுதிகளைவிட ஆழமாக வெட்டப்பட்டுவிட்டதால், ஆற்றில் வெள்ளம் இருக்கும்போதுதான் தண்ணீர் உள்ளே ஓடும். செய்தி கலீஃபாவின் காதுக்குப் போனது. தவறு உண்மையானால் கால்வாய்க் கரையிலேயே சகோதரர்களைச் சிலுவையில் அறைவேன் என்று சொல்லி, சரிபார்க்க சிந்த் இப்னு அலி என்ற பொறியாளரை வரவழைத்தார். முன்பு இதே சகோதரர்கள் அரசவையிலிருந்து ஒதுக்கி வைத்தவர் அவர். இருவரும் அவரிடம் ஓடிப்போய்க் கெஞ்சினார்கள்.

எனக்கும் அல் கிந்திக்கும் ஆகாது என்பது உங்களுக்கே தெரியும் என்றார் சிந்த். ஆனால் அவருடைய நூல்களைப் பறித்தது நியாயமா? அவை அவரிடம் திரும்பிப் போகும்வரை உங்களுக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். நூல்கள் திரும்பிப் போயின. கடைசி நூல் வரைக்கும் கிடைத்துவிட்டது என்று அல் கிந்தி கைப்பட எழுதிய சீட்டு வந்த பிறகே சிந்த் வாய் திறந்தார். டைகிரிஸில் நீர் ஏறப்போகிறது, நான்கு மாதத்துக்குத் தவறு வெளியே தெரியாது. கலீஃபா அதுவரை உயிரோடு இருக்க மாட்டார் என்று சோதிடர்கள் சொல்கிறார்கள். அதனால் தவறே இல்லை என்று அவரிடம் சொல்லப்போகிறேன் என்றார். சொன்னார். 861 டிசம்பரில் அல் முதவக்கில் தம் காவற்படை வீரர்களாலேயே கொல்லப்பட்டார். கதையில் கதைசொல்லியின் கைவண்ணம் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், தமக்குப் பிடிக்காத ஒருவருடைய புத்தகங்களுக்காகத் தம் உயிரையே பணயம் வைத்தவராக சிந்த் இப்னு அலியை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அல் கிந்தி 870-ஐ ஒட்டிக் காலமானார். இப்னு அல் நதீமின் பட்டியலில் அவர் பெயரில் 250-க்கும் மேற்பட்ட தலைப்புகள் இருக்கின்றன. நம்மிடம் எஞ்சியவை அவற்றில் சிறு பகுதிதான். ‘முதல் மெய்யியல்’ நூலின் முதற்பகுதி மட்டுமே கிடைத்திருக்கிறது. அவருக்குப் பின் வந்த அல் ஃபாராபியும் இப்னு சீனாவும் மெய்யியலில் அவரைவிட நுட்பமான கட்டடங்களை எழுப்பினார்கள், அவர் பெயர் பின்னுக்குப் போனது. மருந்துப் படிகள் பற்றிய நூலையும் ஒளியியல் நூலையும் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோவில் கிரெமோனாவின் ஜெரார்டு லத்தீனுக்குப் பெயர்த்தார். ரோஜர் பேக்கன் அவற்றைப் படித்தார். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ, மனித வரலாற்றின் தலைசிறந்த பன்னிரண்டு அறிவாளர்களில் ஒருவராக அல் கிந்தியைச் சேர்த்தார்.

மறை எழுத்து நூலுக்கு அந்தப் பயணம் வாய்க்கவில்லை. அரபு எழுத்தர்களிடையே அந்த அறிவு தொடர்ந்தது. 1412-இல் முடிந்த அல் கல்கஷந்தியின் பெருந்தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. ஐரோப்பாவில் லத்தீன் எழுத்துகளின் விகிதத்தை வைத்துச் சங்கேதத்தை உடைப்பது பற்றி ஆல்பர்ட்டி எழுதியது 1460-களில். அவர் தாமாகக் கண்டதாகவே தெரிகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1586-இல், ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிலிருந்து எழுதிய மறைகடிதங்களைத் இங்கிலாந்து அரசின் சங்கேத வல்லுநர் தாமஸ் ஃபெலிப்ஸ் படித்துவிட்டார்; அடுத்த ஆண்டு அரசியின் தலை விழுந்தது.

சங்கேதம் எழுதுபவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு குறி வரும்படி முறையை மாற்றினார்கள். பல நூற்றாண்டுகள் அது உடையாது என்றே நம்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பாபேஜும் காசிஸ்கியும் அதற்குள்ளும் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளின் இடைவெளியை எண்ணி வழி கண்டார்கள். 1920-களில் அமெரிக்காவின் ஃப்ரீட்மன், இரண்டு இடங்களில் ஒரே எழுத்து வந்து அமைய எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரே எண்ணாகக் கணக்கிட்டார். முறைகள் சிக்கலாகிக்கொண்டே போனாலும், எண்ணுவது என்ற அடிப்படை வேலை அப்படியே இருந்தது.

அல் கிந்தி எழுப்பிய கேள்விக்குச் சரியான கணித விடை 1949-இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையில் கிடைத்தது. எவ்வளவு நீளமான கடிதம் போதும்? ஆங்கிலத்தில், எழுத்துக்கு எழுத்து மாற்றிய எளிய சங்கேதம் என்றால், ஏறத்தாழ 30 எழுத்துகளைத் தாண்டியதும் பொருந்தும் விடை ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிடும் என்று ஷானன் காட்டினார். ஒரு மொழியில் அடுத்து என்ன வரும் என்பதை எவ்வளவுக்கு ஊகிக்க முடிகிறதோ, அவ்வளவுக்கு அதன் மறை எழுத்தை உடைப்பது எளிது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. இன்று வங்கிப் பரிமாற்றத்தையும் கைபேசிச் செய்தியையும் மறைக்கும் முறைகளை வகுப்பவர்கள், வெளிவரும் குறிகளில் ஏதேனும் ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக வருகிறதா என்று கோடிக்கணக்கில் எண்ணிச் சோதிக்கிறார்கள். கண்ணில் படும்படி ஒன்று கூடினாலும் அந்த முறை தள்ளப்பட்டுவிடும்.